உத்தமபாளையத்திலிருந்து ஒரு முதல் மந்திரி

போன எபிசோட்ல கோட்ரிச் பிரபுவைப் பத்திப் பேசினோம். 1827 ஆகஸ்ட்ல பிரிட்டன் பிரதமர் ஆனவர். அமைச்சர்களைக் கட்டி மேய்க்க முடியாம அடுத்த ஜனவரியிலேயே வெளியே வந்துட்டார். பிரதமரா பார்லிமென்ட்டை ஒரு நாள்கூடச் சந்திக்கலை. "நம்ம ஊர்ல இப்படி யாராவது உண்டா?"ன்னு கேட்டிருந்தீங்க.

நான் தேவாரத்துக்காரன். எங்க தாலுகா ஆபீஸ் இருக்கிற உத்தமபாளையத்துல 1892ல் பிறந்தவர் பி.டி. ராஜன். மதுரை அரசியலைக் கவனிக்கிறவங்களுக்குப் 'பிடிஆர்' குடும்பம் தெரியும். அந்தக் குடும்பத்தின் முதல் அரசியல்வாதி இவர்தான். நிலபுலன் உள்ள வீடு. பள்ளிப் படிப்பு கேம்பிரிட்ஜ்ல, கல்லூரி ஆக்ஸ்போர்ட்ல, அப்புறம் பாரிஸ்டர் பட்டம். 1920ல் நீதிக்கட்சி சார்பில் சென்னை சட்ட மேலவைக்குப் போனார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். அப்போ நடந்தது 'இரட்டை ஆட்சி'. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி எல்லாம் மந்திரிகள் கையில். போலீஸ், நிதி, நிலவரி எல்லாம் கவர்னர் தரப்பில். ஓட்டு எல்லாருக்கும் கிடையாது, சொத்து இருக்கணும். அதனால 'முதல் மந்திரி'ங்கிறது இன்றைய முதலமைச்சர் நாற்காலி இல்லை. கைப்பிடி ரெண்டும் வேற ஒருத்தர்கிட்ட இருக்கிற நாற்காலி.

1930லிருந்து மந்திரியா இருந்த ராஜனுக்கு அந்த நாற்காலி 1936 ஏப்ரல் 4 அன்று கிடைச்சது. காரணம் ரொம்பச் சாதாரணம்: முதல் மந்திரியா இருந்த பொப்பிலி ராஜா ஐரோப்பா கிளம்பிட்டார். அவர் திரும்பி வந்ததும், ஆகஸ்ட் 24ல், ராஜன் நாற்காலியைக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கிட்டார். ஐந்து மாதம்கூட நிறையலை. கோட்ரிச் தாங்க முடியாம விட்டார்; இவர் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தார்.

இதோட நிறுத்தினா இவர் ஒரு க்விஸ் கேள்விக்கான விடை மட்டும்தான். எனக்கு அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியமாப் படுது.

1937 தேர்தல்ல நீதிக்கட்சி நொறுங்கிப்போச்சு. 215 இடத்துல 18. பொப்பிலி ராஜாவே வி.வி. கிரியிடம் தோத்தார். விவசாயி பஞ்சத்துல கிடந்த காலத்துல மந்திரிகள் மாசம் 4,000 ரூபாய்க்கு மேல சம்பளம் வாங்கினாங்க, ஜனங்க மறப்பாங்களா? 1944ல் சேலம் மாநாட்டுல பெரியார் கட்சியைத் திராவிடர் கழகம் ஆக்கினார். வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைத் துறக்கணும்னு அண்ணா தீர்மானம். ஒரு சிறு குழு மட்டும் "நாங்கதான் நீதிக்கட்சி"ன்னு தனியா நின்னுச்சு. கொஞ்ச நாள்லயே அதுக்குத் தலைவர் ராஜன்தான்.

இன்னொரு பக்கம் இவர் பழுத்த பக்தர். சபரிமலை கோயில் தீக்குப் பிறகு அங்கே வந்த ஐயப்பன் விக்ரகத்துல இவருக்குப் பங்கு உண்டு. பிராமணரல்லாதார் அரசியல்னாலே நாத்திகம்னு நினைக்கிறவங்க இவரை எந்தப் பெட்டியில் போடுவாங்கன்னு தெரியலை.

1952, எல்லாருக்கும் ஓட்டு வந்த முதல் பொதுத்தேர்தல். நீதிக்கட்சி நிறுத்தின ஒன்பது பேர்ல ஜெயிச்சது ஒருத்தர்: கம்பம் தொகுதியில் ராஜன். அதைக் கட்சி ஜெயிச்ச இடம்னு நான் சொல்லமாட்டேன். அது உள்ளூர்ல அந்த மனுஷருக்கு விழுந்த ஓட்டு. காங்கிரசுக்கோ கழகங்களுக்கோ போயிருந்தா வசதியா இருந்திருக்கும். போகலை. அது பிடிவாதமா விசுவாசமான்னு நண்பர்களோட பல தடவை சண்டை போட்டிருக்கேன். பிடிவாதம்னுதான் என் கட்சி, ஆனாலும் பிடிச்சிருக்கு.

1957ல் இவர் சுயேச்சையா நின்னார். தொகுதி உத்தமபாளையம். தோத்துட்டார்.  அவர் 1974 வரை இருந்தார்.