நாய்க்கு இன்சூரன்ஸ் அவசியம்தானா?

எங்கள் தெருவில் இப்போது இதுதான் பேச்சு. எதிர்வீட்டு மாமி தன் லேப்ரடாருக்குப் பாலிசி எடுத்த கையோடு, "உங்க மணிக்கும் எடுத்துடும்மா" என்று என்னையும் பிடித்துக்கொண்டார். "மனுஷனுக்கே கட்ட முடியல, நாய்க்கா?" என்று சிரித்தார் என் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மழைக்காலத்தில் மணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, ரத்தப் பரிசோதனை, ஊசி, குளுக்கோஸ் என்று ஒரே வாரத்தில் எட்டாயிரம் ரூபாய் கரைந்தது. மகளின் டியூஷன் பீஸுக்கு வைத்திருந்த பணம் அது. அதனால் விசாரிக்கக் கிளம்பினேன்.

நாய் இன்சூரன்ஸ் ஒன்றும் புதுசு இல்லை, தோழிகளே! நியூ இந்தியா, ஓரியண்டல் போன்ற அரசு கம்பெனிகளில் வெகுகாலமாகவே உண்டு. கிராமத்தில் பசுவுக்குக் காதில் வில்லை மாட்டி இன்சூர் செய்வார்களே, ஏறக்குறைய அந்த மாதிரிதான். முக்கியமாக, நாய் இறந்தால்தான் பணம். அதுவும் அதன் விலை மதிப்பைப் பொறுத்து. சாக்கடை ஓரம் நனைந்து கிடந்த குட்டியை என் மகள் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தாள். அதற்கு என்ன விலை எழுதுவது? காசு கொட்டி ஜாதி நாய் வாங்கியவர்களுக்கு இது சரி. எனக்கு வேண்டியது செத்த பிறகு வரும் பணம் அல்லவே!

சிகிச்சைச் செலவுக்கான பாலிசியை 2020-ல் பஜாஜ் அலையன்ஸ் கொண்டு வந்தது. பிறகு வேறு சில கம்பெனிகளும் வந்தன. ஆபரேஷன், ஆஸ்பத்திரிச் செலவு அடிப்படை. நாய் தொலைந்து போனால், யாரையாவது கடித்து அவர்கள் நஷ்டஈடு கேட்டால் என்பதற்கெல்லாம் கூடுதலாகக் கட்டிச் சேர்த்துக் கொள்ளலாம். நாட்டு நாய்க்கும் உண்டு என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால், நிபந்தனைகளைப் படிக்கணும். பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளை ஒழுங்காகப் போட்டிருக்காவிட்டால் அந்த நோய்களுக்குப் பணம் வராது. ஏற்கெனவே உள்ள வியாதிக்கும் கிடையாது. பாலிசி போட்ட உடனே வரும் நோய்க்கும் கிடையாது. கொஞ்ச நாள் காத்திருக்கணும். வயதான நாயைப் புதிதாகச் சேர்க்கவும் யோசிப்பார்கள். வருஷா வருஷம் போடும் தடுப்பூசிச் செலவு எப்படியும் நம் கையைத்தான் கடிக்கும்.

மாமியின் நாய்க்கு ஒன்றரை வயது. கேட் திறந்தால் போதும், வேளச்சேரி மெயின் ரோட்டில்தான் நிற்கும். அங்கே வண்டிகள் பறக்கிற வேகத்துக்குக் கால் உடைந்தால் ஆபரேஷன் செலவு என்னாவது? அவர் எடுத்தது ரொம்பச் சரி.

என் மணிக்கு ஏழு வயசு; வாசல்படியை விட்டு நகராது. எனவே பாலிசியை விட்டுவிட்டு, மாதம் 500 ரூபாய் பாங்க் ஆர்.டி.யில் போடுகிறேன். வருஷத்துக்கு 6,000 ஆச்சு. நோய் வராவிட்டால் பணம் நம்மிடமே இருக்கும். அவசரம் என்றால் பாதியில் முறித்துக் கொள்ளலாம். அதற்குள் பெரிதாக ஏதாவது வந்தால் வேப்பேரி அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1903-லிருந்து இருக்கும் கல்லூரி. தனியார் கிளினிக்கை விடச் செலவு குறைவு. என்ன, செம்பாக்கத்திலிருந்து நாயை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் வர ஆட்டோக்காரர் சம்மதிக்கணும்!

- ஒரு வாசகி, செம்பாக்கம்.