வீட்டு வண்டியில் மலைப்பயணம்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் அன்பர்கள் சிலர், ‘மோட்டார் ஹோம்’ என்னும் வீட்டு வண்டியில் மேற்கு மாநிலங்களைச் சுற்றி வருவதுண்டு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதிலேயே இருக்கும். ரயில்வே அதிகாரிகளின் சலூன் பெட்டி சாலையில் ஓடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கான்சாஸ் சமவெளி பார்வைக்குத் தட்டையானது. ஆனால் மேற்கே போகப் போக நிலம் மெல்ல உயர்கிறது. டென்வர் நகரம் 5,280 அடி உயரத்தில் உள்ளது. அதற்கப்பால் ராக்கி மலைத்தொடர். 70ஆம் எண் நெடுஞ்சாலையில் 1973இல் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. எஞ்சின் திணறும். தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சாதம் வேக நேரமாகும். இவை சிரமங்கள்தாம், ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது.

சுரங்கத்தைத் தாண்டி மேற்கே இறங்கும் சாலை 100 அடிக்கு 7 அடி சரிகிறது. ரயில்வே கணக்கில் ஏறத்தாழ 14க்கு 1. நீலகிரி மலை ரயில் 12க்கு 1 சரிவில் பல்சக்கரத்தின் பிடியில் இறங்குகிறது. வீட்டு வண்டிக்கு அந்தப் பிடி இல்லை. பல டன் எடையைப் பிரேக்கால் மட்டுமே தாங்கிக்கொண்டு வந்தால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றிவிடுங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல் விட்டுவிட்டு அழுத்துங்கள். திருமலை மலைப்பாதையில் இறங்குவதற்கும் இதுவே முறை. ஓட்டுவது பிள்ளையாக இருந்தாலும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் நாம் நினைவூட்டலாமே!