கூலி கேட்காத உழைப்பாளிகள்!

கூலி இல்லாமல் யாராவது வேலை செய்வார்களா? செய்கிறார்கள்! பகலெல்லாம் கம்பெனியில் உழைத்துவிட்டு, இரவில் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறார்கள். எழுதியதை உலகத்துக்கு இனாமாகக் கொடுக்கிறார்கள்.

நிரல் என்றால் என்ன? கம்ப்யூட்டருக்கு மனிதன் எழுதிக் கொடுக்கும் கட்டளைகள். பல கம்பெனிகள் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளும். இவர்களோ, மைசூர்பாகைக் கொடுக்கும்போதே அதைச் செய்யும் பக்குவத்தையும் எழுதிக் கொடுப்பவர்கள்! யாரும் அதைப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். இதற்குக் 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயர்.

தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டைக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே எம்.ஐ.டி. கல்லூரி வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து, மத்திய அரசின் ஆதரவோடு, இதற்கென்றே ஒரு தேசிய மையத்தை 2005-ல் தொடங்கின.

ஏன் கொடுக்கிறார்கள்?

முதல் காரணம், சொந்தத் தேவை. 1991-ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தம் கம்ப்யூட்டருக்காக ஒரு நிரல் எழுதினார். பொழுதுபோக்காகத்தான்! அதை எல்லோருக்கும் கொடுத்தார். முன்பின் தெரியாதவர்கள் அதில் பிழை கண்டு திருத்தினார்கள். அதுதான் லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருப்பது அதுவே.

இரண்டாவது காரணம், கற்கும் ஆசை. இளைஞன் எழுதிய நிரலைக் கைதேர்ந்தவர்கள் படித்துத் திருத்துகிறார்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத படிப்பு அது! அவன் செய்த வேலையில் அவன் பெயரும் நிற்கிறது. வேலை தேடும்போது அது கைகொடுக்கும்.

மூன்றாவது, தாய்மொழிப் பற்று. கம்ப்யூட்டரில் தமிழ் எழுதத் தவித்த காலம் ஒன்று இருந்தது. முகுந்தராஜ் 'எ-கலப்பை' என்ற தட்டச்சு நிரலை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். அதிராம்பட்டினத்துக்காரர் உமர் தம்பி 'தேனீ' என்ற எழுத்துருவைச் செய்து கொடுத்தார். அவர் 2006-ல் மறைந்தார். அவர் செய்த உதவி மறையவில்லை.

யார் சுமப்பது?

எல்லோருமே இனாமாக உழைப்பதில்லை. லினக்ஸில் பெரும்பகுதியை இன்று எழுதுகிறவர்கள், கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள்தான். ஆனால் பல நிரல்களை ஓரிருவரே தனியாகச் சுமக்கிறார்கள். இணையத்தில் ரகசியம் காக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற நிரலில், 2014-ல் பெரிய ஓட்டை ஒன்று தெரியவந்தது. உலகமே நம்பியிருந்த அந்த நிரலைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே!

இனாமாக வாங்குவது தவறில்லை. ஆனால் பிழை கண்டால் எடுத்துச் சொல்லலாம். பணம் உள்ளவர்கள் நன்கொடை தரலாம். தமிழ் தெரிந்தவர்கள் மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். ஏரித் தண்ணீரைக் குடிக்கும் ஊர், தூர் வாரவும் வர வேண்டும் அல்லவா?