வகுப்பில் யாருக்குச் செல்வாக்கு?

பதின்பருவத்தில் ஒரு மாணவருக்கு வகுப்பில் கிடைக்கும் மதிப்பு இரண்டு வகை. ஒன்று, சக மாணவர்களுக்குப் பிடித்தவராக இருப்பது. மற்றொன்று, செல்வாக்கு உள்ளவராக இருப்பது. சிறு வயதில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்; பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிரியத் தொடங்கும்.

முதல் வகையை அறிய, "யாரை மிகவும் பிடிக்கும்? யாரைப் பிடிக்காது?" என்று ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தனியே கேட்பது வழக்கம். அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் கோய், கென்னத் டாட்ஜ் முதலியோர் 1982-ல் இவ்விடைகளைக் கொண்டு மாணவர்களை ஐந்து பிரிவாக்கினர்: பலருக்கும் பிடித்தவர், ஒதுக்கப்பட்டவர், கண்டுகொள்ளப்படாதவர், சிலருக்கு மிகவும் பிடித்தும் சிலருக்கு அறவே பிடிக்காமலும் இருப்பவர், நடுத்தரமானவர்.

இரண்டாம் வகைக்குக் கேள்வியே வேறு: "இங்கே செல்வாக்கு யாருக்கு?" 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இரண்டு கேள்விகளுக்கும் வந்த பெயர்களை ஒப்பிட்டபோது, செல்வாக்குள்ளவர்களில் பெரும்பாலோர் பலருக்கும் பிடித்தவர்களாக இல்லை. பிடித்தவர்கள் அன்பும் நம்பகமும் உள்ளவர்கள் என்று பெயரெடுத்திருந்தனர். செல்வாக்குள்ளவர்கள் அதிகாரம் செலுத்துபவர்கள் என்று.

செல்வாக்கு எதனால் வரும் என்பதைப் பள்ளியின் சூழலே தீர்மானிக்கிறது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்து 1961-ல் எழுதிய நூலில், மாணவர்களிடையே மதிப்பெண்ணைவிட விளையாட்டே பெரிதாக மதிக்கப்பட்டதைக் காட்டினார்.

செல்வாக்கைப் பிடிக்கவும் காக்கவும் சிலர் கேலி, வதந்தி, ஒதுக்கிவைத்தல் ஆகியவற்றைக் கையாளுகிறார்கள். ராபர்ட் ஃபாரிஸ், டயன் ஃபெல்ம்லீ ஆகியோர் 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, செல்வாக்கு ஏற ஏறப் பிறரைச் சீண்டுவதும் கூடுகிறது. உச்சியில் இருக்கும் மிகச் சிலரிடம் மட்டும் அது குறைகிறது. அவர்களுக்கு மேலே ஏற இடமில்லை.

உச்சிக்கு வந்தவருக்கு வேறொரு சிக்கல். பலரும் நட்புத் தேடி வருகிறார்கள். எல்லோருக்கும் அவரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. உடனே 'தலைக்கனம் பிடித்தவர்' என்ற பெயர் வருகிறது. மாணவிகளிடையே நட்பு இப்படிக் கசப்பாக மாறுவதைச் சமூகவியலாளர் டோனா ஈடர் 1985-ல் விவரித்தார்.

இந்த வயதில் செல்வாக்கு இவ்வளவு பெரிதாகப் படுவதற்கு மூளையும் ஒரு காரணம். ஓர் ஆய்வில், நண்பர்கள் பார்க்கும்போது பரிசை எதிர்பார்க்கும் மூளைப் பகுதிகள் பதின்பருவத்தினரிடம் கூடுதலாகத் தூண்டப்பட்டன. கார் ஓட்டும் கணினி விளையாட்டில் அவர்கள் அதிக ஆபத்தும் எடுத்தார்கள். பெரியவர்களிடம் இந்த மாற்றம் தெரியவில்லை.

செல்வாக்கு நீடிக்குமா என்பது அது வந்த வழியைப் பொறுத்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலன் குழு 184 பேரைப் பதின்மூன்று வயதிலிருந்து பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. சிறு வயதுக் காதல், சின்னச் சின்ன விதிமீறல் என்று பெரியவர்களைப்போல் நடந்து பேர் வாங்கியவர்களுக்கு அந்த மதிப்பு சில ஆண்டுகளில் கரைந்தது. இருபதுகளில் அவர்களிடம் நட்புச் சிக்கல்களும் மது, போதைப் பிரச்சினைகளும் கூடுதலாக இருந்தன.