கருப்புப் பூஞ்சை நோய்

கருப்புப் பூஞ்சை நோய் அல்லது மியூக்கோர்மைக்கோசிஸ் என்பது மியூக்கோரேல்ஸ் வரிசையைச் சேர்ந்த பூஞ்சைகளால் ஏற்படும் அரிய நோய்த்தொற்று ஆகும். இவற்றின் வித்துகள் மண்ணிலும் மட்கிய இலைதழைகளிலும் இயல்பாகவே உள்ளன. மூச்சுடன் உள்ளே சென்றாலும் நலமான உடல் அவற்றை அழித்துவிடும். கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, உறுப்பு மாற்றம், இரத்தப் புற்றுநோய், நீண்டகால ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களையே இந்நோய் பெரும்பாலும் தாக்குகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றாது.

பெயர்க் காரணம்

பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவி அடைப்பதால், இரத்த ஓட்டமின்றித் திசு இறந்து கறுக்கிறது. நோயின் பெயர் இந்தக் கருமையைக் குறிக்கிறது. பூஞ்சையின் நிறத்தை அன்று.

அறிகுறிகளும் சிகிச்சையும்

ஒரு பக்க முகவலி, வீக்கம், மூக்கடைப்பு, மேலண்ணத்தில் கருந்திட்டு, இரட்டைப் பார்வை ஆகியன முதன்மை அறிகுறிகள். தொற்று சில நாட்களிலேயே கண்ணுக்கும் மூளைக்கும் பரவக்கூடும் என்பதால் உடனடி சிகிச்சை தேவை. ஆம்போடெரிசின் பி மருந்து செலுத்தப்படுவதுடன், இறந்த திசு அறுவை மூலம் அகற்றப்படுகிறது. இரத்தச் சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில்

கோவிட்-19 இரண்டாம் அலையின்போது, நீரிழிவும் ஸ்டீராய்டு பயன்பாடும் சேர்ந்ததால் இந்தியாவில் இந்நோய் பெருகியது. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ், 2021 மே மாதத்தில் தமிழ்நாடு இதனை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதே மாதத்தில் கர்நாடகமும் அவ்வாறே அறிவித்தது. ஆகவே ஓசூர், கிருஷ்ணகிரி நோயாளிகள் எல்லையின் எப்பக்கம் சிகிச்சை பெற்றாலும், மருத்துவமனைகள் அதனை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது.