குறிப்பேட்டில் ஒரு கட்டம்

சிதம்பரத்தில் நடந்த ஒரு கூடைப்பந்துப் போட்டியில் எங்கள் மாணவிகள் மூன்றே புள்ளியில் தோற்றார்கள். ஆட்டத்திலேயே அதிகப் புள்ளி எடுத்தவள் எங்கள் அணிக்காரிதான். கடலூர் திரும்பும் பேருந்தில், "நான் இல்லேன்னா இன்னும் மோசமாத் தோத்திருப்போம் சார்" என்றாள். பின் இருக்கையிலிருந்து உடனே பதில் வந்தது: "எங்களுக்குப் பந்து குடுத்தாத்தானே தெரியும்!"

புதுச்சத்திரம் தாண்டும்போது என் குறிப்பேட்டைப் புரட்டினேன். பந்தைக் கூடையில் போட்டவர்களின் பெயர் மட்டுமே இருந்தது. அவர்களுக்குப் பந்தைக் கொடுத்தவர்களுக்கு அதில் இடமே இல்லை. அவளுக்கு அப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

1891இல் இந்த விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் நம்மைப் போல ஓர் உடற்கல்வி ஆசிரியர். பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது அவர் வகுத்த 13 விதிகளில் ஒன்று. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவதெல்லாம் பிறகு வந்தது. தொடக்கத்தில் பந்து முன்னேற வேண்டுமானால் அடுத்தவர் கைக்குப் போயே ஆக வேண்டும்.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் வில்ட் சேம்பர்லின் கதையை மாணவிகளுக்குச் சொன்னேன். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர் அவர். அந்தப் பருவத்தில் அவருடைய சராசரி 50.4. ஆனால் கோப்பை பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குப் போனது. சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு அன்று வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. அவர்கள் தேர்ந்தெடுத்தது சேம்பர்லினை அல்ல, எதிரணியின் எறிதல்களைத் தடுப்பதில் பெயர்பெற்ற பாஸ்டனின் பில் ரஸலை. புள்ளிக் கணக்கில் ரஸல் சேம்பர்லினுக்குப் பாதிகூட இல்லை!

1966–67 பருவத்தில் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம், கூடையை நோக்கி எறிவதைக் குறைக்கும்படி சேம்பர்லினிடம் கேட்டுக்கொண்டார். சராசரி 24.1 ஆகக் குறைந்தது. சக வீரர்கள் புள்ளி எடுக்க அவர் பந்து கொடுத்த 'அசிஸ்ட்' கணக்கு ஏறியது. பாஸ்டனை வீழ்த்தி, பிலடெல்பியா கோப்பையை வென்றது.

இதை நம்பி நானும் குறிப்பேட்டில் 'அசிஸ்ட்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். சில வாரங்களில் பந்து ஐந்து பேர் கைக்கும் போகத் தொடங்கியது. சண்டையும் குறைந்தது. அப்படியிருக்க ஒருநாள் பயிற்சியில், கூடைக்கு நேர் கீழே தனியாக நின்ற மாணவி பந்தை எறியாமல் வெளியே தள்ளினாள்.

"ஏம்மா எறியல?"

"எனக்கு இன்னும் ஒரு அசிஸ்ட் குறையுது சார்."

சேம்பர்லினும் அடுத்த பருவத்தில் லீக்கிலேயே அதிக அசிஸ்ட் கொடுத்தார். அந்த ஆண்டு கோப்பை மறுபடி பாஸ்டனுக்கே போனது. கதையின் இந்தப் பகுதியை மாணவிகளிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் கட்டத்தில் யார் பெயரும் இல்லை. அணிக்கு மொத்தமாக ஓர் எண் மட்டும் எழுதுகிறேன். பேருந்தில் என்னிடம் பேசிய மாணவிதான் ஆட்டம் முடிந்ததும் முதலில் வந்து எட்டிப் பார்க்கிறாள்: "இன்னைக்கு மொத்தம் எத்தனை சார்?"