செய்தியாளர் மாடம்: ஒரு சொல்லும் ஓர் இடமும்

விளையாட்டரங்கில் செய்தியாளருக்கென ஒதுக்கப்படும் இடத்தை ஆங்கிலத்தில் 'பிரஸ் பாக்ஸ்' என்பர். இதனைப் 'பத்திரிகைப் பெட்டி' என்று பெயர்க்கும் மாணவரை முற்றாகக் குறை கூறுவதற்கில்லை. இரயில் பெட்டியில் மனிதர் அமர்கின்றனர். பெட்டிக் கடைக்குள் இருந்து வணிகம் செய்கின்றனர். ஆயினும், 'பத்திரிகைப் பெட்டி' என்றவுடன் நாளிதழ்கள் இட்டுவைக்கும் பெட்டியே நம் மனத்தில் தோன்றுகிறது. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் பொருள் நழுவிவிடுகிறது.

ஆங்கில நாடக அரங்குகளில் தடுத்து அமைத்த தனி இருக்கைப் பகுதிக்கு 'பாக்ஸ்' என்று பெயர். அப்பொருளை உணர்த்த நமக்கு 'மாடம்' உண்டு. மதுரையை நான்மாடக்கூடல் என்றனர். சட்டமன்றத்தில் பார்வையாளர் மாடம் என்கிறோம். விளக்கு வைக்கும் சிறு மாடமும் உண்டே என வினவலாம். 'செய்தியாளர்' என்னும் அடை அவ்வையத்தை நீக்கிவிடுகிறது. 'பத்திரிகை' என்னும் அடையோ ஐயத்தை வளர்க்கிறது.

இலண்டன் லார்ட்ஸ் கிரிக்கெட் அரங்கில் 1999-இல் திறக்கப்பட்ட ஊடக மையம் உண்மையிலேயே மாடம்தான். படகு கட்டும் தொழில்நுட்பத்தால் அலுமினியத்தில் செய்யப்பட்டு, இருக்கை வரிசைகளுக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. அதன் கீழ்த்தளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்தியாளர் அமரலாம்; மேல்தளத்தில் நேர்முக வருணனை அறைகள் உள்ளன. அக்கண்ணாடி முகப்பில் திறக்கக்கூடிய சாளரம் ஒன்றே. அதுவும் பிபிசி வானொலியின் வருணனையாளர் அறையில் உள்ளது. மட்டையில் பந்து படும் ஓசையும் கூட்டத்தின் ஆரவாரமும் இன்றி வானொலி வருணனை ஏது?

மாடத்தில் அமர்ந்தோர் ஆரவாரம் செய்தல் ஆகாது. தம் நாட்டு அணி வென்றாலும் கைதட்டாமல் எழுதுவது செய்தியாளர் மரபு. அமெரிக்க எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் 1974-இல் வெளியிட்ட தம் நூலுக்கு இவ்விதியையே தலைப்பாக்கினார். ஆகவே இது சிறப்பு விருந்தினர் இருக்கையன்று, பணியிடம். ஒலிம்பிக் அரங்குகளில் செய்தியாளருக்கு மேசையுள்ள இருக்கை, மேசையில்லா இருக்கை என இருவகை அமைப்பதும் அதனாலேயே. 'பத்திரிகையாளர் மாடம்' என்பாரும் உளர், தவறில்லை. வானொலி, தொலைக்காட்சியினரையும் உள்ளடக்குவதால் 'செய்தியாளர்' என்பதையே நாம் விரும்புகிறோம்.

இதனினும் இடர் தருவது 'மிக்ஸ்ட் ஸோன்'. போட்டி முடிந்து வெளியேறும் வீரர் நடந்து செல்லும் வழி அது. தடுப்புக்கு அப்பால் நிற்கும் செய்தியாளர் அவரிடம் வினாத் தொடுப்பர். ஒளிபரப்பு உரிமை பெற்றோர்க்கே முதலிடம். 'கலப்பு மண்டலம்' என்று பெயர்த்தால் வேதியியல் பாடமாகிவிடும். இங்கு எவரும் எவருடனும் கலப்பதில்லை. இடையே தடுப்பு உண்டு. 'சந்திப்பு வழி' என்று நாம் எழுதிப் பார்த்தோம். இதனினும் பொருந்தும் சொல்லை மாணவர் எவரேனும் தந்தால் நம் சொல்லை மகிழ்ந்து கைவிடுவோம்.